அப்பாவுக்கு முழுக் கருவிழி, அம்மாவுக்கு உள்ளடுக்கு மட்டும் ஏன்?

கேள்வி: 1980களின் இறுதியில் கதிரடிக்கும்போது கண்ணில் நெல் தெறித்துப் புண்ணாகி, அப்பாவுக்குக் கருவிழி முழுவதையும் மாற்றினார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் கண்புரை அறுவை செய்துகொண்ட அம்மாவுக்கு இப்போது காலையில் பார்வை புகைமூட்டமாக இருக்கிறது. உள்ளடுக்கை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் மருத்துவர். இது அரைகுறைச் சிகிச்சை ஆகாதா?

பதில்: ஆகாது. கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழியில் இருவருக்கும் கெட்டுப்போன இடம் வேறு. அப்பாவுக்குப் புண் கருவிழியின் கனத்த நடு அடுக்கைத் தின்று தழும்பாக்கியது. அம்மாவுக்கோ, கருவிழியில் சேரும் நீரை ஓயாமல் வெளியேற்றும் உள்ளடுக்குச் செல்கள் குறைந்துவிட்டன. இச்செல்கள் இழந்தால் மீண்டும் பெருகுவதில்லை. கண்புரை அறுவையில் சில செல்கள் இழக்கப்படுவது இயல்பே. முன்பே குறைவாக இருந்தவர்களுக்கு அந்த இழப்பு ஆண்டுகள் கழித்து வீக்கமாக வெளிப்படும். இரவில் இமை மூடியிருக்க நீர் தேங்குவதாலேயே காலையில் மங்கலும், ஈரம் ஆவியானபின் சற்றுத் தெளிவும் ஏற்படுகின்றன.

கருவிழி மாற்றுக்கான காரணங்களும் காலத்தோடு மாறியுள்ளன. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் 1905இல் மருத்துவர் எட்வர்ட் சிர்ம் செய்த, வெற்றி கண்ட முதல் கருவிழி மாற்று, சுண்ணாம்பால் வெந்த கண்ணுக்கானது. நம் நாட்டில் நெடுங்காலம் வைட்டமின் ஏ குறைபாடு, கண் இமைத் தொற்றான டிரகோமா, வயற்காயத்தைத் தொடரும் பூஞ்சைப் புண் ஆகியவை பார்வையைப் பறித்தன. டிரகோமா பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இந்தியாவில் நீடிக்கவில்லை என 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. பூஞ்சைப் புண் மட்டும் தமிழகக் கிராமங்களை இன்னும் விடவில்லை. (கண்ணில் தூசி விழுந்தால் தாய்ப்பாலோ இலைச்சாறோ விடும் பழக்கமும் அதற்குத் துணைபோகிறது.) மறுபுறம், ஆயுள் நீண்டு கண்புரை அறுவை பெருகியதால், உள்ளடுக்குத் தளர்ச்சி கருவிழி மாற்றுக்கு ஒரு முக்கியக் காரணமாக முன்னுக்கு வந்துள்ளது, அமெரிக்காவில் ஃபுக்ஸ் எனப்படும் பரம்பரைத் தளர்ச்சியே முதலிடத்தில் உள்ளது. இளைஞர்களுக்குக் கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்தும் கூம்புக் கருவிழி நோயையோ புற ஊதாக் கதிரும் ரைபோஃப்ளேவின் என்னும் வைட்டமினும் கொண்டு தொடக்கத்திலேயே நிறுத்திவிட முடிவதால், அதற்கான மாற்றுத் தேவை குறைந்துவருகிறது.

உள்ளடுக்கை மட்டும் மாற்றும் முறையை 1998 முதல் நெதர்லாந்தின் கண் மருத்துவர் கெரிட் மெல்லஸ் செம்மைப்படுத்தினார். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமுள்ள கருவிழியில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை ஒட்டிய மென்படலத்தை மட்டும் மாற்றும் அளவுக்கு அது வளர்ந்துள்ளது. தையல் மிகக் குறைவு. உடல் நிராகரிக்கும் வாய்ப்பும் முழு மாற்றைவிடக் குறைவு. படலத்தைக் காற்றுக் குமிழி தாங்கிப் பிடிப்பதால், மருத்துவர் சொல்லும் காலம்வரை அம்மா மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். முதுகுவலி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நடு அடுக்கில் தழும்பு தொடங்கிவிட்டதா? வீக்கம் நெடுநாள் நீடித்துத் தழும்பு விழுந்துவிட்டால், அம்மாவுக்கும் முழு மாற்றே தேவைப்படலாம், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். அறுவைக்குப் பின் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை குறைந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த எச்சரிக்கை அப்பாவின் பழைய கருவிழிக்கும் பொருந்தும்.