யார் போய்ப் பார்த்தது?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் கொழுந்தனார் தினமும் ஏழெட்டு நியூஸ் கார்டு போடுவார். ஒரு அமைச்சர் சொன்னதாக வந்த கார்டு பொய் என்று தெரிந்ததும் குழுவிலேயே சொல்லிவிட்டேன். "எல்லா சேனலும் யாருக்காவது வேலை பாக்குது அண்ணி. நீங்க பாக்குறதுல எது நடுநிலை, சொல்லுங்க பாப்போம்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மாமனார் வேறு ராத்திரி எட்டு மணியானால் விவாதத்தை வைத்துக்கொண்டு டிவியோடு சேர்ந்து கத்துகிறார். வெறுத்துப்போய் செய்தி பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். இந்த நேரத்தில் பிளஸ் ஒன் படிக்கும் மகள் இதழியல் படிக்கப்போகிறேன் என்கிறாள். நீங்கள் கல்லூரியில் இதழியல் பாடம் நடத்துகிறவர். நடுநிலையான ஊடகம் என்று ஒன்று உண்டா? செய்தியே பார்க்காமல் இருப்பது தப்பா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்

பதில்: அன்புள்ள சகோதரி,

கொழுந்தனார் கேட்டதை என் வகுப்பிலும் ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். இதுதான் நடுநிலை என்று ஒரு சேனலின் பெயரைச் சொல்ல என்னாலும் முடியாது. ஆனால் அமைச்சர் அப்படிப் பேசினாரா இல்லையா என்பதற்கும், நீங்கள் எந்த சேனல் பார்க்கிறீர்கள் என்பதற்கும் என்ன சம்பந்தம்? அவர் பேச்சை மாற்றினார், நீங்கள் கூடவே போய்விட்டீர்கள். அவ்வளவுதான் நடந்தது.

சார்பு நமக்குப் புதுசு இல்லை. இன்று திராவிடர் கழக ஏடாக இருக்கும் விடுதலை 1935இல் வந்தது, தி.மு.க. ஏடான முரசொலி 1942இல், கம்யூனிஸ்ட் ஏடான தீக்கதிர் 1963இல். டிவி வந்தபோதும் அதே கதைதான். 1993இல் தி.மு.க. தலைமையின் உறவினர்களான மாறன் குடும்பத்தின் சன், 1999இல் அ.தி.மு.க. பக்கம் ஜெயா, 2006இல் பா.ம.க. பக்கம் மக்கள் தொலைக்காட்சி. 2007இல் சன் குடும்பத்துக்கும் தி.மு.க. தலைமைக்கும் பிணக்கு வந்ததும் சில மாதங்களிலேயே கலைஞர் டிவி. 2010இல் விஜயகாந்தின் தே.மு.தி.க.வுக்குக் கேப்டன் டிவி. ஜெயா டிவி சசிகலா தரப்பின் கையில் நின்றுவிட்டதால் அ.தி.மு.க.வுக்கு 2018இல் நியூஸ் ஜெ தேவைப்பட்டது. இந்த வரிசையை போர்டில் எழுதினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முரசொலியைக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அது யாருடைய ஏடு என்று தெரியும். அவர் ஏமாறவில்லை. நெருக்கடி நிலையில் கைதானவர்களின் பெயர்களைப் போடத் தணிக்கை விடவில்லை. அப்போது 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளில், அண்ணா சதுக்கத்துக்கு அஞ்சலி செலுத்த வர இயலாதவர்கள் என்று பட்டியல் போட்டே உள்ளே இருப்பவர்கள் யார் யார் என்று ஊருக்குச் சொன்னது அந்தக் கட்சிப் பத்திரிகைதான். சார்பு உள்ளவர்களும் செய்தி சொல்வார்கள்.

எனக்கு உறுத்துவது முகம் காட்டாத சார்பு. 2009 தேர்தல்களில் வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தி போலவே அச்சிட்ட விவகாரம் வெடித்தது. விசாரிக்க இந்தியப் பத்திரிகை கவுன்சில் பரஞ்சோய் குஹா தாகுர்த்தா, கே. ஸ்ரீனிவாஸ் ரெட்டி இருவரையும் நியமித்தது. பத்திரிகைகளின் பெயரோடு அவர்கள் கொடுத்த அறிக்கையை கவுன்சில் 2010இல் சுருக்கித்தான் வெளியிட்டது. முழு அறிக்கை வெளிவர மத்தியத் தகவல் ஆணையம் தலையிட வேண்டியிருந்தது. அடுத்தவன் கணக்கைக் கேட்கிற தொழில், தன் கணக்கு வந்தபோது இப்படி நடந்துகொண்டது.

அதனால் நடுநிலை எங்கே என்று தேடி அலையாதீர்கள். ஒரு செய்தி வந்தால் நான் மாணவர்களைக் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: யார் போய்ப் பார்த்தது?

2023 மார்ச் நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வாட்ஸ்அப்பில் மட்டும் இல்லை. வடக்கே அச்சுப் பத்திரிகையிலும் வந்தது, பீகார் சட்டமன்றத்தில் அமளியே நடந்தது. ஹோலிக்கு ஊர் போகக் கூடிய ரயில் நிலையக் கூட்டத்தைக் காட்டி, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்றார்கள். தமிழ்நாடு போலீஸ் சொன்ன விளக்கம் இது: பரவியதில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த பழைய மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு இடையே நடந்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு இங்கே வந்து தொழிலாளர்களை நேரில் பார்த்துப் பேசிய பிறகுதான் பதற்றம் தணிந்தது. அந்தச் செய்தியைப் போட்டவர்கள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் போய் நின்றிருந்தால் போதும், அரை நாள் வேலை. யாரும் போகவில்லை. பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் கெட்டவர்களும் இல்லை. ஊரில் உட்கார்ந்துகொண்டு திருப்பூரில் இருக்கும் மகனை நினைத்து பயந்த தாய் தகப்பன்தான்.

மாமனார் பார்க்கும் விவாதத்துக்கு வருகிறேன். அதில் யார் எங்கே போய்ப் பார்த்தார்கள்? மூன்று கட்சிக்காரர், ஒரு 'மூத்த பத்திரிகையாளர்', ஒரு நெறியாளர், ஒரு மணி நேரம். இவ்வளவு மலிவாக ஒரு மணி நேரத்தை நிரப்ப வேறு வழியே கிடையாது. சாத்தூரில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் அங்கே ஆள், கேமரா, வண்டி எல்லாம் போக வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் தாலுகா நிருபர். பல நிறுவனங்களில் அவருக்கு மாதச் சம்பளமே கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்று கொஞ்சம், அதற்கு மேல் விளம்பரம் பிடித்தால் கமிஷன். தீபாவளி மலருக்கு எந்த ஆலை முதலாளியிடம் விளம்பரம் கேட்டாரோ அவரிடமே, உரிமத்தில் எத்தனை அறை, நீங்கள் எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினீர்கள் என்று எப்படிக் கேட்பார்? விபத்துச் செய்தி இறந்தவர்கள் எண்ணிக்கையோடும் நிவாரணத் தொகையோடும் ஏன் முடிந்துபோகிறது என்பதற்கு இது ஒரு காரணம். டெல்லி அரசியலைப் பற்றி எல்லாருக்கும் கவலை, இதைப் பற்றிப் பேச ஆளில்லை.

மாமனாரை மாற்ற முயல வேண்டாம். அவருக்கு அது கபடிப் போட்டி மாதிரி, ரசிக்கட்டும். சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.

கொழுந்தனார் விஷயத்தில் கொஞ்சம் வேலை இருக்கிறது. கார்டு வந்தால் அதில் லோகோ இருக்கிற சேனலின் சொந்தப் பக்கத்தில், அதே தேதியில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். பல சமயம் சேனல்காரர்களே 'இது நாங்கள் வெளியிட்டதல்ல' என்று சிவப்பு முத்திரை குத்திப் போட்டிருப்பார்கள். தேதியை வெட்டிவிட்டு வருகிற உண்மையான பழைய கார்டுதான் பொய்க் கார்டைவிடத் தொல்லை. லோகோ, எழுத்து எல்லாம் சரியாக இருக்கும், மூன்று வருஷத்துக்கு முந்தையது. 'ஃபேக்ட் செக்' என்று மேலே எழுதியிருந்தாலும் யார் செய்தது என்று பாருங்கள். தன்னைப் பற்றிய செய்தி உண்மையா பொய்யா என்று அரசாங்கமே தீர்ப்புச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, அது எந்த அரசாக இருந்தாலும். மத்திய அரசு 2023இல் விதியைத் திருத்தி அப்படியொரு பிரிவுக்கு அதிகாரம் கொடுத்ததை 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

தெரிந்ததைக் குழுவில் போடாதீர்கள். சித்தப்பா, அத்தை, சம்பந்தி எல்லாரும் பார்க்க அண்ணி திருத்தினால் எந்த ஆம்பிளையும் ஒத்துக்கொள்ள மாட்டார், சண்டைக்குத்தான் வருவார். தனியாகப் போன் பண்ணி, "தம்பி, இது அந்த சேனல் பக்கத்துல இல்லையே, உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் விடுங்கள். அடுத்த கார்டை அனுப்பும் முன் உங்கள் போன் நினைவுக்கு வரும்.

செய்தி பார்க்காமல் இருப்பது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். விவாதத்தையும் நாள் முழுக்க ஓடும் பிரேக்கிங் நியூஸையும் விட்டதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஒரு தினசரியை மட்டும் வாங்குங்கள், எதுவானாலும் சரி. முதல் பக்கத்தைவிட மாவட்டச் செய்திப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். குடிநீர்த் தொட்டி, டெண்டர், பள்ளிக் கட்டடம் என்று வரும். அங்கே பொய் எழுதினால் படிக்கிற உங்களுக்கே தெரிந்துவிடும், தொட்டி உங்கள் தெருவில்தானே இருக்கிறது.

மகளைப் படிக்க வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடும். பக்கத்து ஊராட்சி ஒன்றுக்கு அவளைக் கூட்டிப் போங்கள். எத்தனை பேர் வந்தார்கள், யார் என்ன கேட்டார்கள், தலைவர் என்ன பதில் சொன்னார், என்ன தீர்மானம் போட்டார்கள் என்று இருநூறு வார்த்தையில் எழுதட்டும். அவளுடைய கருத்து ஒரு வரிகூட வேண்டாம். பெயர்களை எழுத்துப் பிழையில்லாமல், அவரவரிடமே கேட்டு எழுத வேண்டும். எழுதியதை இந்தப் பகுதிக்கே அனுப்பச் சொல்லுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.