இருபது பேர் நின்றிருந்தோம்

மனசோடு பேசுவோம்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் ஒரு மகளிர் கல்லூரியில் 31 ஆண்டுகள் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: போன மாதம் பைபாஸில் ஒரு பைக் விபத்து. அடிபட்டவர் ரோட்டோரம் ரத்தத்தோடு கிடந்தார். என்னையும் சேர்த்து இருபது பேராவது நின்றிருந்தோம். யாரும் கிட்டே போகவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, தன் துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எங்களை அதட்டி 108-க்குப் போன் போட வைத்தார். ஆள் பிழைத்துவிட்டாராம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நான் அவ்வளவு கல்நெஞ்சனா மேடம்?
வாசகர், திண்டிவனம்

பதில்: இல்லை தம்பி. நெஞ்சில் ஈரம் இல்லாதவருக்கு இத்தனை நாள் தூக்கம் கெடாது.

அந்தப் பத்து நிமிடம் உங்களுக்குள் என்ன ஓடியது என்று நினைத்துப் பாருங்கள். 'இவ்வளவு பேர் இருக்கிறார்களே, யாராவது போன் போட்டிருப்பார்கள்.' 'நாம் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால்?' அப்புறம் சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர்களும் அதே நேரத்தில் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1968-ல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயார்க்கில் நடத்திய ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, மைக்கில் ஒருவரோடு ஒருவர் பேசச் சொன்னார்கள். நடுவில் ஒரு பையனுக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் குழறும். அது பதிவுசெய்த குரல் என்று கேட்பவருக்குத் தெரியாது. தனக்கு மட்டும்தான் அது கேட்கிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உடனே எழுந்து போய்ச் சொன்னார்கள். இன்னும் நாலு பேருக்குக் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்தக் கட்டுரையில் இருக்கும் வேறொரு விஷயம். எழுந்து போகாதவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கவில்லை. ஆய்வாளர் உள்ளே வந்தபோது அவர்களில் பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. 'அந்தப் பையன் நல்லா இருக்கானா?' என்று அவர்கள்தான் கேட்டார்கள். நீங்களும் அவர்களில் ஒருவர்.

அந்த ஆய்வுக்குத் தூண்டுகோலே 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொலையான செய்திதான். 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவர்கூட அசையவில்லை என்று அன்றைய பத்திரிகை எழுதியது. அது மிகைப்படுத்தப்பட்ட செய்தி. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடி வந்து, ஆம்புலன்ஸ் வரும் வரை அவரைக் கையில் தாங்கிப் பிடித்திருந்தார். 38 பேர் கதையை நானே பல வருடம் வகுப்பில் அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஒரு கூட்டத்தையே ஈரமில்லாதவர்கள் என்று பிள்ளைகள் மனதில் பதிய வைத்துவிட்டேன் அல்லவா? 2019-ல் வந்த ஓர் ஆய்வு, ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று ஊர்த் தெருக்களில் கண்காணிப்பு கேமராவில் பதிவான 219 தகராறுகளை எடுத்துப் பார்த்தது. பத்துக்கு ஒன்பதில் யாராவது ஒருவர் உள்ளே புகுந்து தடுத்திருக்கிறார். உங்கள் பைபாஸிலும் அப்படி ஒருவர் லாரியிலிருந்து இறங்கினார்.

அவர் உங்களை அதட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய உதவி அதுதான். 'யாராவது போன் போடுங்க' என்றால் யாரும் போட மாட்டார்கள். 'நீலச் சட்டை அண்ணே, நீங்க 108-க்குப் போடுங்க' என்றால் நீலச் சட்டைக்காரர் போட்டே ஆக வேண்டும். அடுத்த முறை நீங்கள் அப்படிக் கையை நீட்டிச் சொல்லுங்கள். அடிபட்டவரை இழுத்துத் தூக்க வேண்டாம், கழுத்தில் அடி இருக்கலாம். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்தினால் போதும். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமோ என்ற பயமும் உங்களுக்கு இருந்திருக்கும். நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. 2016-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிசெய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது.

கேள்வி: பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். பரீட்சைத் தாளில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்கள்?
ஆசிரியை, தேனி

பதில்: பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் டீச்சர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் திட்ட விலக்கம் என்ற புள்ளியியல் கணக்கு நடத்தினேன். சந்தேகம் உண்டா என்று கேட்டேன். வகுப்பே அமைதி. மணி அடித்த பிறகு மாடிப்படியில் ஒரு பெண் வந்து, 'மேடம், எனக்கு மட்டும்தான் புரியல' என்றாள். ஸ்டாஃப் ரூம் வாசலில் இன்னொருத்தி, அவளும் அதையே சொன்னாள். சாயந்திரத்துக்குள் ஆறு பேர். ஆறு பேரும் 'எனக்கு மட்டும்' என்றே சொன்னார்கள். அந்த 'மட்டும்' என்னை உலுக்கிவிட்டது.

தான் பேசாமல் இருப்பது கூச்சத்தால் என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஆனால் பக்கத்து பெஞ்சுக்காரி பேசாமல் இருந்தால், அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறாள். வகுப்பு முழுக்க இப்படி ஒருவரையொருவர் தப்பாகப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நான் 'புரிஞ்சுதா' என்று கேட்பதையே விட்டுவிட்டேன். துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் போடாமல், எந்த வரி புரியவில்லை என்று எழுதச் சொல்வேன். அல்லது இரண்டு இரண்டு பேராக ரெண்டு நிமிடம் பேசச் சொல்லிவிட்டுக் கேட்பேன். 'எனக்குப் புரியல' என்று சொல்ல வாய் வராத பிள்ளைக்கு 'எங்களுக்குப் புரியல' என்று சொல்ல வந்துவிடும்.

கேள்வி: தேருக்கு ஆள் கூடக்கூட ஒவ்வொருவர் கையிலும் பலம் குறையும் என்று எங்கள் தாத்தா சொல்வார். உண்மையா?
வாசகர், மன்னார்குடி

பதில்: தாத்தா கவனித்தது சரிதான். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1880-களிலேயே இதை அளந்து பார்த்து, 1913-ல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு ஆள் கொடுத்த பலம், தனியாக இழுக்கும்போது கொடுப்பதில் ஏறக்குறைய பாதிதான். எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். கூட்டமாகச் சேர்ந்து குரல் கொடுப்பதால் அந்தக் குறை தீரும். இன்னொரு காரணம், நம் பங்கு யாருக்கும் தெரியாது என்ற தளர்வு. முட்டுக்கட்டை போடுகிறவரைப் பாருங்கள். அவர் ஒரு நொடிகூடத் தளர மாட்டார். அந்தச் சக்கரத்துக்கு அவர் ஒருவர்தான்.

கேள்வி: கனமழை அன்று 'ஏரி உடைந்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் வந்ததை விசாரிக்காமல் மூன்று குரூப்புக்கு அனுப்பினேன். பொய்ச் செய்தி. எங்கள் வீடு மூன்றாவது மாடி, சொட்டுத் தண்ணீர் வரவில்லை. படித்த நான் ஏன் இப்படிச் செய்தேன்?
வாசகி, சென்னை

பதில்: சொட்டுத் தண்ணீர் வராததுதான் காரணம் என்றால் ஆச்சரியப்படுவீர்களா?

1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரிய நிலநடுக்கம். அப்போது ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர், ஜனங்கள் பேசிக்கொண்ட வதந்திகளைச் சேகரித்தார். பாட்னாவில் பெரும் புயல் அடிக்கப் போகிறது, சந்திர கிரகணத்தன்று மறுபடி பூமி அதிரும் என்றெல்லாம் பேச்சு. இவை பரவியது அதிர்ச்சியை நன்றாக உணர்ந்தும் இடிபாடு எதையும் கண்ணால் பார்க்காத ஊர்களில். பின்னாளில் இதைப் படித்த லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்கர் கேட்டார்: ஏற்கெனவே பயந்திருப்பவர்கள் இன்னும் பயமுறுத்தும் செய்தியை ஏன் நம்ப வேண்டும்? அவருக்குத் தோன்றிய பதில் இது. உடம்பில் நடுக்கம் இருக்கிறது, சுற்றிப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. அந்த நடுக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. வதந்தி அதைக் கொடுத்தது. டார்ஜிலிங் நிலச்சரிவில் அழிவின் நடுவிலேயே இருந்தவர்களைத் துர்கானந்த சின்ஹா என்ற உளவியலாளர் ஆராய்ந்தபோது இப்படிப்பட்ட வதந்திகள் இல்லை. அவர்களுடைய பயத்துக்குக் காரணம் கண்ணெதிரே இருந்தது.

அன்று ராத்திரி இடிச் சத்தத்தில் உங்களுக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும், வீட்டுக்குள் தரையோ காய்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்துச் செய்தி வந்தது. இனி அப்படி ஒன்று வந்தால், அனுப்பும் முன் அந்த ஏரிப் பக்கம் இருக்கும் ஒருவருக்குப் போன் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் சூழ்நிலைதான் காரணம் என்று எழுதுகிறீர்கள். அப்படியானால் தப்புச் செய்தவனைத் தண்டிக்கவே கூடாதா?
ஓய்வு பெற்ற அரசு ஊழியர், சேலம்

பதில்: தண்டிக்க வேண்டும் ஐயா. 1960-களின் தொடக்கத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் நடத்திய சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோட் போட்ட ஒருவர் 'தொடருங்கள்' என்று சொல்லச் சொல்ல, முன்பின் தெரியாத ஒருவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கிறோம் என்று நம்பிப் பொத்தானை அழுத்திய 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். அதிர்ச்சி நிஜமில்லை. அதே அறையில், அதே குரலைக் கேட்டுக்கொண்டு, 14 பேர் நடுவில் நிறுத்தினார்கள். அதனால்தான் தனி மனிதரின் பொறுப்பைக் கழித்துவிட முடியாது என்கிறேன். ஆனால் கூட இருந்த இரண்டு பேர் 'இனிச் செய்ய மாட்டோம்' என்று எழுந்துகொண்ட ஏற்பாட்டில், 40-ல் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள். தப்புச் செய்தவரை விசாரியுங்கள். அந்த அறையை அப்படி அமைத்தவரையும், மறுத்துப் பேச ஒருவர்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டவரையும் சேர்த்து விசாரியுங்கள். நம் அலுவலக விசாரணைகளில் கடைசிக் குமாஸ்தாவோடு கோப்பு மூடப்படுவதைப் பார்த்து எனக்கு மனம் கொதித்ததுண்டு.

கேள்வி: திருப்பூரில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது என் கணவர் காபி போடுவார், துணி மடிப்பார், எதையும் என்னிடம் கேட்டுத்தான் செய்வார். பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனால் ஆளே மாறிவிடுகிறார். மூன்று அண்ணன்கள் முன்னால் 'ஏய், தண்ணி கொண்டா' என்கிறார். சாப்பிட்ட தட்டு அப்படியே கிடக்கும். திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை. எது இவருடைய நிஜ முகம் அம்மா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இரண்டும் அவர்தான் அம்மா. உங்களுக்குப் பட்ட காயமும் நிஜம், அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

சாலமன் ஆஷ் என்றொரு உளவியலாளர். போலந்தில் சிறு பையனாக இருந்தபோது, அவர்கள் வீட்டுப் பண்டிகை இரவில் எலியா தீர்க்கதரிசிக்கு என்று ஒரு கோப்பை மது தனியாக வைப்பார்கள். 'உற்றுப் பார், அவர் வந்து குடிப்பார்' என்றார் மாமா. வீடே நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்த பையனுக்கு மது கொஞ்சம் குறைந்ததுபோலவே தெரிந்ததாம். பெரியவரானதும், 1950-களில், அவர் நடத்திய சோதனை உலகப் புகழ் பெற்றது. மூன்று கோடுகளில் எது நான்காவதின் நீளம் என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் முன்னால் இருந்தவர்கள் எல்லாரும், பேசி வைத்துக்கொண்டு, தப்பான கோட்டைச் சொன்னபோது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தடவை சோதனைக்கு வந்தவரும் அதையே சொன்னார். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான கோட்டைச் சொல்லிவிட்டால், தப்பு முன்பிருந்ததில் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

உங்கள் கணவர் அந்த வாசற்படியைத் தாண்டியதும் மறுபடி கடைசித் தம்பி ஆகிவிடுகிறார். ஆண்கள் உட்காரும் இடம், பெண்கள் நிற்கும் இடம், யார் குரல் உயரலாம் என்பதெல்லாம் அந்த வீட்டில் அவர் பிறப்பதற்கு முன்பே முடிவானது. ஒன்று யோசித்தீர்களா? மூன்று அண்ணன்களும் அவரவர் வீட்டில் காபி போடுகிறவர்களாகவே இருக்கலாம். மற்றவர் முன்னால் காட்டிக்கொள்ளக் கூடாது என்று நாலு பேரும் நடிப்பதாகக்கூட இருக்கலாம், அந்தத் தேனி வகுப்பைப் போல.

என் புகுந்த வீட்டிலும் இதே கதைதான். ஒரு தீபாவளிக்கு என் பெரிய நாத்தனார் வந்திருந்தார். எல்லார் முன்னாலும் என் கணவரைப் பார்த்து, 'தம்பி, அவ கையில புள்ள இருக்கு. அந்தக் குடத்தை நீ தூக்கி வை' என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் எழுந்து தூக்கினார். அன்று மத்தியானம் என் கொழுந்தனாரும் ஒரு வாளியோடு கிணற்றடிக்குப் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

உங்களுக்கும் அந்த வீட்டில் ஒரு துணை வேண்டும். ஓரகத்திகளில் யார் மனம்விட்டுப் பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும், அவரிடம் முன்கூட்டிப் பேசுங்கள். கணவரிடம் திரும்பி வரும்போது சண்டை போடுவதற்குப் பதில், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அவர் உங்களுக்குக் காபி கொடுக்கும் நேரத்தில் பேசுங்கள். 'நீங்க அங்க மாறிடுறீங்க' என்று தொடங்கினால் வாதம்தான் வளரும். ஒரே ஒரு காரியம் கேளுங்கள்: சாப்பிட்ட தட்டை அவரே எடுத்துப் போய்க் கழுவி வைக்க வேண்டும். முதல் தடவை, வீடு முழுக்க எழுந்திருக்காத காலை நேரமாக இருந்தால் அவருக்குச் சுலபம். 'ஏய்' என்ற வார்த்தையை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். அது உங்களை எவ்வளவு சுடுகிறது என்று நேராகவே சொல்லிவிடுங்கள்.

பொங்கலுக்குப் போய் வந்ததும் ஒரு கடிதம் போடுங்கள். எந்த அண்ணன் அடுத்ததாகத் தட்டை எடுத்தார் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.