முழுத்துணிக் குவில்டில் நிறம் தீட்டுவது: கேள்வி பதில்

ஒட்டுத்துணி எதுவும் இல்லாமல், மேலே ஒரே துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி வைத்துத் தைப்பதுதான் முழுத்துணிக் குவில்ட். தையல் கோடுதான் அதன் சித்திரம். அதற்கு நிறம் தீட்டுவது பற்றி வந்த கேள்விகள் இவை.

அக்ரிலிக் பெயின்ட் பூசினேன், துணி அட்டை மாதிரி விறைத்துவிட்டது. (உப்புவெளி)

அக்கா, துணி மீடியம் (பெயின்ட் துணியில் விறைக்காமல் இருக்கக் கலக்கும் திரவம்) கலக்காமல் பூசியிருக்கிறீர்கள். எவ்வளவு கலப்பது என்பது போத்தலிலேயே இருக்கும். கலந்த பிறகும் மெல்லிசாகத்தான் பூச வேண்டும். நிறம் போதாவிட்டால் காய்ந்த பின் இன்னொரு முறை. புதுத்துணியின் கஞ்சி போகக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். ஓரத்துண்டில் பார்க்காமல் குவில்டில் தூரிகை வைக்காதீர்கள்.

முதலில் தைப்பதா, தீட்டுவதா? (கிண்ணியா)

நான் தைத்துவிட்டுத்தான் தீட்டுவேன். தைக்கும்போது துணி சுருங்கி இழுபடும். முதலே தீட்டிய பூவின் ஓரமும் பிறகு வரும் தையலும் ஒன்றின்மேல் ஒன்று விழாது. தைத்த பிறகு என்றால் ஒவ்வொரு இதழும் தனித்தனிப் பாத்தியாக நிற்கும், எங்கே நிழல் வேண்டும் என்று மேடும் பள்ளமுமே காட்டும். ஆனால் தையல் கோடு நிறத்தை முழுக்க மறிக்காது. தண்ணீர் கூடினால் நூலுக்கு அடியால் கசியும். அதனால்தான் நிற மைப் பென்சில் (நனைத்தால் தூள் மையாகக் கரையும் பென்சில்) பாவிக்கிறவர்கள் தண்ணீருக்குப் பதில் கற்றாழை ஜெல் தொட்டுத் தேய்க்கிறார்கள், அது ஓடாது. பென்சில் தூள் நனையாமல் விட்ட இடம் கழுவும்போது போய்விடும், கவனம்.

வினாகிரியில் ஊறவைத்தால் நிறம் நிற்குமா? (நிலாவெளி)

நிற்காது. பெயின்ட் நிற்பது சூட்டினால். ஒரு நாள் காயவிட்டு, நீராவி இல்லாமல், மேலே சீலைத்துண்டு போட்டு, ஒவ்வொரு இடத்தையும் 3 முதல் 5 நிமிடம் அயன் பண்ணுங்கள். போத்தலில் வேறு நேரம் இருந்தால் அதன்படி.

தைத்த பிறகு தீட்டச் சொன்னது பிழை. மூன்று மாதம் தைத்த குவில்டில் ஒரு சொட்டு தவறி விழுந்தால் எல்லாம் போச்சு. முதலே தீட்டினால் துணி மட்டும்தான் நட்டம். (மூதூர்)

பயம் நியாயமானது தங்கச்சி. ஆனால் தீட்டிய துணியில் தையலைப் பிரித்துப் பாருங்கள்: வெறும் பருத்தியில் ஊசித்துளை கழுவினால் மூடும், பெயின்ட் படிந்த இடத்தில் அப்படியே தெரியும்.

கைத்தையலில் அந்தத் துளை தெரியாது. நான் பத்து வருடமாகத் தைக்கிறேன். (மூதூர், மறுபடி)

மெல்லிய சாயத்தில் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். பெயின்ட் தடித்த இடத்தில் கை ஊசி இழுபடும், விரல் நோகும். ஒரு விடயத்தில் உங்கள் வழிதான் சரி: உள்ளே பொலியெஸ்டர் பஞ்சு என்றால் கடும் சூடு அதைத் தட்டையாக்கிவிடும். அப்போது தீட்டி, அயன் பண்ணி, அதன் பிறகே பஞ்சு வைக்க வேண்டும். நான் பருத்திப் பஞ்சு பாவிப்பதால் எனக்கு அந்தப் பிரச்சினை வருவதில்லை.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால்? (தம்பலகாமம்)

வினாகிரிக்குச் சொன்ன பதில்தான். சூடு.

கச்சான் காற்றில் வெளியே காயவிடலாமா? (திருகோணமலை நகர்)

நிழலில் காயவிடலாம், மணல் ஒட்டாமல் பாருங்கள். தீட்டும்போது மட்டும் ஜன்னலைச் சாத்துங்கள். பாதி பூசுவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழும். மாரியில் ஒரு நாள் போதாது, இரண்டு நாள் விடுங்கள்.

பத்திக் மெழுகு கலந்து செய்யலாமா? (கிண்ணியா)

அது என் துறை இல்லை. பத்திக் செய்கிறவர்களிடம் கேளுங்கள்.

கோடு வரைந்த நீலப் பேனை போகவில்லை. அயன் பண்ணியும் பார்த்தேன். (உப்புவெளி)

ஐயோ, அயன் பண்ணியதுதான் பிழை. தண்ணீரில் போகிற அந்த நீல மை சூடு பட்டால் துணியிலேயே தங்கிவிடும். தைத்து முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் முழுக்க ஊறவைத்து, நீலம் போய், காய்ந்த பிறகே நிறமும் சூடும். இப்போதைக்குக் கோடு விழுந்த இடத்தில் கடும் நிறம் தீட்டி மறைக்கப் பாருங்கள். முதலில் ஓரத்துண்டில்.