கொடியில் காயும் சின்னச் சட்டை: ஊசி போடாத பிள்ளைகள் பற்றிக் கேள்வி பதில்

அம்பாசமுத்திரம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊசியே போடாத பிள்ளைகளைத் தேடிப் போவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லுதேன்.

ஒரு ஊசியும் போடாத பிள்ளை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள், அக்கா?

ஆறாவது வாரம் போடுகிற பெண்டாவின் (ஐந்து நோய்களைத் தடுக்கிற ஒரே ஊசி) முதல் தவணையை வைத்து. உலகத்திலும் இதே மாதிரி முதல் தவணையைத்தான் பார்க்கிறார்கள். 2023ல் அது கிடைக்காத குழந்தைகள் 1 கோடியே 45 லட்சம். அதில் பாதிக்கு மேல் போரும் கலவரமும் நலிவும் உள்ள 31 நாடுகளில் இருந்தார்கள்.

செங்கல் சூளைப் பிள்ளைகள் எங்கள் பட்டியலில் வருவதே இல்லை.

எப்படி வரும்? பட்டியல் வீட்டு எண்ணைப் பார்க்கிறது, சூளைக் குடிசைக்கு எண் கிடையாது. ஊசி நாளான புதன்கிழமை பகலில் போனால் தாய் மண் குழைத்துக்கொண்டிருப்பாள், எழுந்து வந்தால் அன்றைய கூலி குறையும். வாரச் சம்பளம் போடுகிற சாயங்காலம் போங்க. "பிள்ளை இருக்கா?" என்று கேட்டால் பயந்து இல்லை என்பார்கள். நான் கொடியைப் பார்ப்பேன். கையகலச் சட்டை காய்ந்தால் அங்கே குழந்தை உண்டு. அதை எண்ணிக்கொண்டு பிறகு பேச்சுக் கொடுப்பேன்.

ஒன்றரை வயது. ஒரு பெண்டாவோடு நின்றுவிட்டது. முதலில் இருந்து போடணுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அந்த முதல் பெண்டா ஒரு வயதுக்குள் போட்டதென்றால் மிச்சத்துக்கும் பெண்டாதான். தட்டம்மை ரூபெல்லா ஊசியும் போட்டாச்சா என்று பாருங்க. அட்டையைப் பத்திரமா வைங்க!

மலைமேல் காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்புக்கு நடந்து போகும்போது மருந்து கெடாதா?

வெயிலை விட உறைதல்தான் எனக்குப் பயம். மருந்து கொண்டுபோகிற குளிர்பெட்டியில் (கேரியர்) நாலு ஐஸ் பேக். ஃப்ரீசரில் இருந்து எடுத்த உடனே வைத்தால் பெண்டா உறைந்து வீணாகும். பேக் வேர்க்கும்வரை வெளியே வைத்து, காதருகே குலுக்கிப் பாருங்க. உள்ளே தண்ணீர் சலசலத்தால்தான் அடுக்கணும். குப்பியில் சூடு பட்டதைக் காட்டுகிற ஒரு குறி உண்டு, அதில் வட்டத்துக்குள் இருக்கிற சதுரம் வட்டத்தை விட வெளுப்பா இருந்தால் போடலாம்.

ஊசி போட்டால் காய்ச்சல் வருதே?

வரலாம், ஓரிரு நாளில் போகும். ஊசி போட்ட இடத்தில் எதையும் பூசாதீங்க.

எங்கள் ஊரில் இரண்டு தெருவுக்கும் தகராறு. பால்வாடி இருக்கிற தெருவுக்கு அந்தப் பக்கத்துத் தாய்மார் வரமாட்டேன் என்கிறார்கள். போலீஸை வைத்து அழைத்து வரலாமா?

கூடவே கூடாது. காக்கிச் சட்டை பின்னால் வந்தால் அந்தக் கதவு பத்து வருஷத்துக்குத் திறக்காது. எனக்கும் ஒருமுறை அப்படி ஆச்சு. வேப்பமரத்தடியில் அவர்கள் தெருவிலேயே தனி முகாம் போட்டேன். வயசான ஆச்சி ஒருத்தி முதலில் தன் பேரனைத் தூக்கி வந்தாள். அடுத்த அரை மணியில் பதினோரு பிள்ளைகள்.

தனி முகாம் போட்டால் சாதிப் பிரிவினைக்கு நீங்களே துணை போனதாகாதா?

*(இதே கேள்வி இன்னும் நாலு பேரிடமிருந்து. ஒருவர் "ஊர் ஒன்றாகும்வரை ஒரே இடம்தான்" என்கிறார், இன்னொருவர் "பிள்ளை உயிரில் கொள்கை பேசாதீங்க" என்கிறார்.)*

கோபம் நியாயம்தான். ஆனால் ஆறு வாரக் குழந்தைக்கு ஊர் சமாதானமாகும்வரை காத்திருக்கக் காலமில்லை, கக்குவான் காத்திருக்காது. எல் சால்வடாரில் உள்நாட்டுப் போரின் நடுவே 1985ல் ஊசி போடுவதற்காகவே சண்டையை நிறுத்தினார்கள். இலங்கையில் 1990களில் போலியோ சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் ஒதுங்கின. காசாவில் 2024 செப்டம்பரில் இடைநிறுத்தம் வாங்கி 5.5 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். எங்கேயும் போர் முடிந்த பிறகு போடவில்லை. அதே சமயம் வேப்பமரத்தடியை நிரந்தரமாக்கவும் விடக்கூடாது. மூன்றாவது மாதம் பொதுவான பள்ளிக்கூடத் திண்ணைக்கு மாற்றினேன். முதல் தடவை ஐந்து பேர்தான் வந்தார்கள். விடவில்லை.

காய்ச்சல் வருமா? *(மூன்றாவது முறை)*

மேலே சொல்லிவிட்டேன், படிச்சுப் பாருங்க.

ஒரியா பேசுகிற குடும்பம் நாங்குநேரி சூளையில். அட்டையே இல்லை, பிள்ளைக்கு எட்டு மாசம்.

ஆதாரம் இல்லாதவரை போடாததாகவே எண்ணுங்க. இடது தோளில் தழும்பு இருந்தால் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) மட்டும் போட்டிருக்கு என்று அர்த்தம், மற்றதுக்கு அது சாட்சி ஆகாது. நாளைக்கே அந்தப் பகுதி செவிலியரிடம் சொல்லி, சம்பளம் போடுகிற நாளைக் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்க. புது அட்டையைத் தாய் கையிலேயே கொடுக்கணும், மேஸ்திரி கையில் வேண்டாம்.