கூட்டாளிமாரிடமிருந்து மகனைப் பிரிக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, தரம் 10 படிக்கிறான். நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம், கணவர் கட்டாரில். ரியூசன் முடிந்ததும் நாலைந்து கூட்டாளிமாரோடு டச் பே கடற்கரையில் பந்தடித்துவிட்டு இருட்டிய பிறகுதான் வருகிறான். தலைமுடி, பேச்சு, நடை எல்லாம் அவர்களைப்போல. என்ன கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில். போன வாரம் ஒரு பெடியனுடைய அண்ணாவின் மோட்டார் சைக்கிளை இவன் ஓட்ட, மூன்று பேராக நிலாவெளி வீதியில் போனதை அயலவர் கண்டு சொன்னார். போனைப் பறித்து வைத்தேன். நாலு நாளாக என்னோடு கதையில்லை. ரியூசனை நிற்பாட்டி மட்டக்களப்பில் தம்பி வீட்டில் விட்டுப் படிப்பிக்கவா?
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

அனுப்ப வேண்டாம். மட்டக்களப்பிலும் ஒரு மாதத்துக்குள் அவனுக்கு ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். அந்தப் பெடியன்களின் முகம்கூட உங்களுக்குத் தெரிய வராது.

மோட்டார் சைக்கிள் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லோரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திரையில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் நிற்காமல் ஓடினால் மோதக்கூடும். 13 முதல் 16 வயதானவர்கள் தனியே விளையாடியதைவிட, கூட்டாளிமார் பக்கத்தில் நின்று பார்த்தபோது மிக அதிகமாகத் துணிந்தார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களோ ஆள் பார்த்தாலும் மாறவில்லை. உங்கள் மகன் தனியே நின்றிருந்தால் அந்தச் சாவியைத் தொட்டிருப்பானா என்பதே சந்தேகம். ஆகவே இதில் இளகாதீர்கள். ஓட்டவும் கூடாது, மூன்றாவது ஆளாக ஏறவும் கூடாது. அந்த அண்ணாவின் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

தலைமுடியை விட்டுவிடுங்கள் தங்கச்சி. அதற்காகச் சண்டை பிடித்தால் மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் சொல்லுக்குப் பெறுமதி இருக்காது.

அந்தக் கடற்கரையில் அவன் பந்து மட்டும் அடிக்கவில்லை. வீட்டில் கோபித்துக்கொண்டு படுத்தால் நீங்கள் சோற்றைப் போட்டு எழுப்புவீர்கள். அங்கே கோபித்துக்கொண்டு போனவன் தானாகத்தான் திரும்பி வரவேண்டும். அடித்தது கோல்தானா இல்லையா என்று வாதாட, தோற்றதை ஒத்துக்கொள்ள, பிழை விட்டால் மன்னிப்புக் கேட்க, சமவயதுக்காரர் நடுவில்தான் பழக முடியும். எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு: தமிழ், முஸ்லிம், சிங்களப் பெடியன்கள் ஒரே பந்துக்குப் பின்னால் ஓடும் இடங்கள் குறைவு. உங்கள் மகனுடைய கூட்டம் அப்படிப்பட்டதென்றால் அதைக் கலைப்பது பெரிய நட்டம்.

ஸ்டைன்பெர்க்கும் கத்ரின் மொனஹனும் 2007இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வின்படி, கூட்டாளிமாரின் இழுப்புக்கு எதிர்த்து நிற்கும் பலம் 14 முதல் 18 வயதுக்குள்தான் படிப்படியாக வளர்கிறது. உங்கள் மகன் அதன் தொடக்கத்தில் நிற்கிறான். 'இல்லை மச்சான், நான் வரவில்லை' என்று சொல்லப் பழகுவதற்கும் அவனுக்கு அந்த மச்சான்மார் வேண்டும். அதுவரை, 'அம்மா விடமாட்டா' என்று உங்கள் தலையில் பழியைப் போட்டுத் தப்பிக்கச் சொல்லுங்கள். அது அவனுக்கு மானத்தைக் காக்கும் வழி.

நான் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். சிவராத்திரிக்குப் பிறகு கோணேஸ்வரர் நகர்வலம் வரும் நாட்களில் தண்ணீர்ப்பந்தலில் வாளி தூக்கி ஓடுகிறவர்களும் இதே வயதுப் பெடியன்கள்தான். ஒருவன் தூக்கினால் மற்றவனும் தூக்குவான். துணிவைப்போல நல்லதும் அப்படித்தான் தொற்றுகிறது.

கையில் கணக்கில்லாத காசு, பழைய கூட்டாளிமாரை முற்றாக விட்டுவிடுவது, நித்திரையின்மை, பாடசாலைக்குப் போகாமல் ஒளிப்பது — இவற்றைக் கண்டால் தாமதிக்காமல் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரிடம் போங்கள். சிறுவர் உதவிக்கு 1929 இலக்கமும் இருக்கிறது. நீங்கள் எழுதியதில் இவை ஒன்றும் இல்லை.

இன்றைக்குப் போனைத் திருப்பிக் கொடுங்கள். மோட்டார் சைக்கிள் பற்றிய உங்கள் முடிவையும் வீடு வரவேண்டிய நேரத்தையும் அப்போதே சொல்லுங்கள். கட்டாரிலிருந்து அப்பா எடுக்கும்போது அவரும் அதையே சொல்லட்டும். சனிக்கிழமை பின்னேரம் அந்த நாலைந்து பேரையும் வீட்டுக்கு வரச்சொல்லி, பிளேன்ரீயும் வடையும் கொடுங்கள். விசாரணை வேண்டாம். பெயரைக் கேட்டு, அடுத்த முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.