நாற்பது நாள் காத்திருந்த திருத்தம்

கேள்வி: தோட்டத் தொழிலாளர்கள் தாங்கள் பறித்த கொழுந்தின் நிறையையும் தங்களுக்குச் சேரவேண்டிய சம்பளத்தையும் கைத்தொலைபேசியிலேயே கணக்கு வைத்துச் சரிபார்க்க உதவும் செயலி ஒன்றை நானும் என் நண்பரும் மூன்று வருடங்களாக எழுதி வருகிறோம். மூலநிரலை எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் வைத்திருக்கிறோம். உரிமம் எதுவும் இன்னும் இடவில்லை. இருவர் அனுப்பிய சிறு திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டோம். பிறகு பண்டாரவளை மாணவர் ஒருவர், நிரலுக்குள் எழுதியிருந்த நாட்சம்பளத் தொகையைத் தனிக் கோப்புக்கு மாற்றும் பெரிய திருத்தமொன்றை அனுப்பினார். வேலைப்பளுவால் நாற்பது நாள் அதைப் பார்க்க முடியவில்லை. பார்த்தபோது அது எங்கள் முறைப்படி இருக்கவில்லை. ஆகவே அதே யோசனையை நானே எழுதிச் சேர்த்துவிட்டு, அவருடையதை மூடிவிட்டேன். அவர் மீண்டும் வரவில்லை. வெளியிலிருந்து வருபவர்கள் ஏன் நிலைப்பதில்லை? முன்பின் தெரியாதவர்களை உள்ளே விடுவது ஆபத்தாகாதா?
– வாசகர், ஹட்டன்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் முதற் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் மாறியது. அந்தத் தொகை நிரலுக்குள் புதைந்து கிடந்தால் ஒவ்வொரு சம்பள உயர்வின்போதும் நிரல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும்; தனிக் கோப்பில் இருந்தால் எண் எழுதத் தெரிந்த எவரும் மாற்றலாம். யாரும் கேட்காமலே இதைக் கண்டு, செய்தும் அனுப்பிய ஒருவர், உங்கள் செயலியை உங்களுக்கு நிகரான அக்கறையோடு வாசித்திருக்கிறார். அவருக்கு நாற்பது நாள் ஒரு வரி பதிலும் போகவில்லை. கடைசியில் போன ஒரே செய்தி, அவருடைய திருத்தம் மூடப்பட்டது என்பதுதான். யோசனையை எடுத்துக்கொண்டீர்கள், ஆளை வெளியே நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. ஆனால் மறுமுனையில் இருந்த மாணவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

கிட்ஹப்பின் அடியில் இருக்கும், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி, லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கருவை எழுதுவோரின் தேவைக்காக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது. முகம் பார்த்திராத பலர் அனுப்பும் திருத்தங்களை ஒரே நிரலாகச் சேர்ப்பதே அவர்களுடைய அன்றாட வேலை. ஆகவே ஒவ்வொரு மாற்றத்திலும் கிட் இரண்டு பெயர்களைத் தனித்தனியே பதிகிறது: ஒன்று அதை எழுதியவரின் பெயர், மற்றது அதைச் சேர்த்தவரின் பெயர். வேறொருவர் எழுதியதைச் சற்றுத் திருத்திச் சேர்க்கும்போதும் எழுதியவரின் பெயர் அழியக்கூடாது என்ற ஏற்பாடு கருவிக்குள்ளேயே இருக்கிறது. கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) அனுப்புபவர், நிரலைப் பராமரிப்பவரும் தம் கிளையில், அதாவது திருத்தம் இருக்கும் தனிப் பிரதியில், எழுதலாம் என்று அனுமதிக்கும் வசதியும் உண்டு. மாறிகளின் பெயர்களோ கோப்பின் அமைப்போ உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், அவருடைய கிளையிலேயே அவற்றைச் சீர்செய்து, அவர் பெயரோடு சேர்த்திருக்கலாம். செலவாகும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அந்த மாணவர் தம் பெயரை அங்கே பார்த்திருப்பார், நண்பர்களுக்குக் காட்டியிருப்பார், அடுத்த திருத்தத்தையும் அனுப்பியிருப்பார்.

இதை நான் சற்று அழுத்தி எழுதுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன், தமிழ்ச் சொற்களை வரி முடிவில் தவறான இடத்தில் உடைத்துவந்த ஒரு மென்பொருளுக்கு நான் திருத்தம் அனுப்பினேன். கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் போய் விழும் அந்தப் பிழையைப் பிடிக்க எனக்கு மூன்று இரவுகள் தேவைப்பட்டன. ஐந்து மாதங்கள் பதில் இல்லை. பிறகு ஒரு சொல்லும் இல்லாமல் அது மூடப்பட்டது. திருத்தத்தில் தவறு இருந்திருக்கலாம், அது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மென்பொருளின் பக்கம் நான் பிறகு போகவே இல்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை நிரல் சம்பந்தப்பட்டதே அல்ல. யார் எதை அனுப்பினாலும் இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு பதில் போகட்டும். முழுமையாகப் பார்க்க நேரமில்லை என்றால் அதையே எழுதுங்கள்: ‘கிடைத்தது, நன்றி, இந்த மாதம் 20ஆம் திகதிக்குள் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.’ திகதி குறிப்பிடுங்கள். குறித்த திகதி தவறினால் மறுபடியும் எழுதுங்கள். காத்திருக்க மக்களுக்குத் தெரியும். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடிவதில்லை. ஒரு திருத்தத்தை மறுக்க நேர்ந்தால் காரணத்தை முழு வாக்கியங்களில் எழுதுங்கள். ‘எங்கள் முறைப்படி இல்லை’ என்பது காரணமாகாது. உங்கள் முறை என்னவென்று எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை இப்போதே எழுதத் தொடங்குங்கள். மூன்று வருடங்களாக உங்கள் இருவர் தலைக்குள் மட்டும் இருப்பவற்றை, அதாவது ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கப்படும் கிலோவை எங்கே பதிகிறீர்கள், நாளொன்றுக்கான அளவுக்கு மேல் பறித்த கொழுந்தின் காசை எந்த இடத்தில் கூட்டுகிறீர்கள், ஊழியர் சேமலாப நிதிக்கான 8 வீதத்தை எந்தத் தொகையின் மேல் கணிக்கிறீர்கள் என்பவற்றை, தோட்டக் கணக்குத் தெரியாத ஒருவருக்கும் விளங்கும்படி எழுதி வையுங்கள்.

அடுத்தது, செயலியைத் தம் கணினியில் ஓட்டிப் பார்க்க ஒருவருக்கு எவ்வளவு செலவாகிறது என்று நினைத்துப் பாருங்கள். செயலி எழுதப் பயன்படும் ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவைத் தரவிறக்கவே ஒரு ஜிபி அளவு டேட்டா வேண்டும். அதற்குமேல் அது கேட்கும் துணைக் கோப்புகள் வேறு. லயத்து அறையில், சிக்னல் கிடைக்கும் ஒரு மூலையில் நின்று, வாரத்துக்கென்று போட்ட டேட்டா கார்டில் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய தடை. ‘யாரும் வரலாம்’ என்று முகப்பில் எழுதியிருப்பதால் மட்டும் அந்தத் தடை நீங்காது. சம்பளத்தைக் கணிக்கும் பகுதியைத் திரையைக் காட்டும் பகுதியிலிருந்து பிரித்து, பழைய மடிக்கணினியிலும் தனியே ஓடும்படி செய்யுங்கள். நாட்சம்பளக் கோப்பு இப்போது தனியாக இருக்கிறது. அதைக் கிட்ஹப் தளத்திலேயே, தொலைபேசி உலாவியில் திறந்து திருத்தி அனுப்ப முடியும் என்பதையும் படிப்படியாக எழுதி வையுங்கள். அந்த மாணவரின் யோசனை உங்களுக்கு எவ்வளவு பெரிய வாசலைத் திறந்து தந்திருக்கிறது என்பது அப்போது விளங்கும்.

புதிதாகக் கொழுந்தெடுக்க வரும் பெண்ணை மலையடிவாரத்தில் விட்டுவிட்டு, முழு மலையையும் காட்டி, எங்கேயாவது எடு என்று யாரும் சொல்வதில்லை. அவளுக்கென்று ஒரு நிரை கொடுக்கப்படுகிறது; பக்கத்து நிரையில் பழகிய ஒருத்தி நிற்பாள். உங்கள் வேலைப்பட்டியலிலிருந்தும் நான்கைந்து சிறிய வேலைகளை அப்படிப் பிரித்தெடுங்கள். எந்தக் கோப்பில், எந்த இடத்தில், என்ன மாற வேண்டும், முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதி, ‘முதல் வேலைக்கு ஏற்றது’ என்று குறியிடுங்கள். பிறகு கடினமான ஒன்றைச் செய்ய வேண்டும்: அவற்றை நீங்களே செய்து முடித்துவிடாமல் இருக்க வேண்டும். உங்களுக்குப் பத்து நிமிட வேலையாகத்தான் இருக்கும். இருந்தாலும் வருபவருக்காக அது காத்திருக்கட்டும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களை மட்டுமே நீங்கள் எதிர்பார்ப்பதாகவும் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் செயலிக்கு மிகவும் வேண்டியவர்கள் ஓய்வுபெற்ற ஒரு கணக்கப்பிள்ளையும், முப்பது வருடம் கொழுந்தெடுத்த இரண்டு மூன்று பெண்களும். பெயரையும் அடையாள எண்ணையும் நீக்கிய பழைய சம்பளச் சீட்டுகளை அவர்களுடைய சம்மதத்தோடு வாங்கி, இத்தனை நாள் வேலை, இத்தனை கிலோ, இத்தனை கழிவு, கைக்கு வந்தது இவ்வளவு என்று அட்டவணையாக்குங்கள். ஒவ்வொரு புதிய திருத்தம் வரும்போதும் அந்த அட்டவணையின் விடைகள் அப்படியே வருகின்றனவா என்று கணினியே சோதித்துச் சொல்லும்படி அமைக்கலாம். எல்லோரும் பார்க்கக்கூடிய நிரல் தொகுப்புகளான பொதுக் களஞ்சியங்களுக்குக் கிட்ஹப் இந்த வசதியைக் காசில்லாமல் தருகிறது. அட்டவணை தந்தவர்களும் பங்களிப்பாளர்கள்தாம். அவர்கள் விரும்பினால் அவர்களுடைய பெயர்களும் பட்டியலில் வரட்டும். கேள்விகளைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்கலாம் என்று முகப்பிலேயே எழுதிவிடுங்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் கேட்காமலே போகிறவர்கள் நம் மத்தியில் நிறைய.

உரிமம் பற்றி. நிரலைப் பொதுவில் வைத்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் ஓர் ஆக்கமாகவே பாதுகாக்கிறது. உரிமையாளர் அனுமதி தராதவரை மற்றவர்கள் அதைப் பார்க்கலாமே தவிர, பிரதி செய்து மாற்றிப் பயன்படுத்த உரிமை பெறுவதில்லை. உங்கள் செயலியை எடுத்து மாற்றி வெளியிடுபவர்களும் தங்கள் மூலநிரலைத் திறந்தே தர வேண்டும் என்று விரும்பினால் 2007இல் வெளிவந்த ஜிபிஎல் என்ற உரிமத்தின் மூன்றாம் பதிப்பை இடுங்கள். அந்த நிபந்தனை வேண்டாமென்றால் எம்ஐடி உரிமம் போதும். தொழிலாளரின் கணக்கு என்பதால் நான் முதலாவதையே தேர்ந்தெடுப்பேன். இடுவதற்கு முன், ஏற்கெனவே திருத்தம் அனுப்பிய இருவரிடமும் எழுத்தில் சம்மதம் கேளுங்கள்.

ஆபத்து பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. 2024 மார்ச்சில், உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் இரண்டு பதிப்புகளில் இரகசியக் கதவொன்று வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. அதை வைத்தவர் புனைபெயரில் வந்து, இரண்டு வருடங்களுக்கு மேலாக நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கையைப் பெற்று, தனியாகக் களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரிடமிருந்து சேர்க்கும் அதிகாரத்தையும் பெற்றிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவதைக் கவனித்த ஒரு பொறியியலாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். திருத்தத்தை அனுப்புவது வேறு, அதைச் சேர்க்கும் அதிகாரம் வேறு. அனுப்பும் கதவை அகலத் திறந்து வையுங்கள். சேர்க்கும் அதிகாரத்தை மெதுவாக, நேரில் அறிந்தவருக்கோ நெடுநாள் பேசிப் பழகியவருக்கோ கொடுங்கள். வெளியீட்டுக்குப் போகும் முதன்மைக் கிளையில் எதுவும் இன்னொருவர் பார்க்காமல் சேரக்கூடாது, நீங்கள் எழுதியதும் அப்படித்தான். செயலியை உங்கள் பெயரில் வெளியிட ஒப்பமிடும் மின்சாவி உங்கள் இருவரிடமும் இருக்கட்டும். தொழிலாளரின் உண்மையான தகவல் ஒன்றும் களஞ்சியத்துக்குள் வரவே கூடாது. எக்ஸ்இசட் சம்பவத்தில் சுமையை ஒருவரே தனியாகச் சுமந்ததும் ஒரு காரணம் என்பதால், ஆட்களை வரவிடாமல் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பைத் தராது.

நம் நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களில் எழுதிய சஹானா என்ற திறந்த மூல மென்பொருள், 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கே பயன்பட்டது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மைக்கான விருதையும் பெற்றது. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் அந்தப் பெயரை, பின்னர் பல நாட்டவர்கள் முழுவதும் வேறு நிரல்மொழியில் திரும்ப எழுதிய பதிப்பும் தாங்கிச் சென்றது. தொடங்கியவர்கள் தங்கள் முறைதான் முறை என்று நின்றிருந்தால் அது இங்கேயே முடிந்திருக்கும்.

இப்போது பண்டாரவளை மாணவருக்கு எழுதுங்கள். தாமதத்துக்கும், பெயரை விட்டதற்கும் மன்னிப்புக் கேளுங்கள். காரணங்களை நீட்ட வேண்டாம். கிட்டில் ஏற்கெனவே வெளியிட்ட மாற்றங்களின் வரலாற்றை மாற்றி எழுதுவது மற்றவர்களின் பிரதிகளைக் குழப்பும் என்பதால், பங்களிப்பாளர் பட்டியலில் சம்பளக் கோப்பின் யோசனையும் முதல் வடிவமும் அவருடையவை என்று எழுதி, அந்த மாற்றத்துக்கான இணைப்பையும் கடிதத்தில் அனுப்புங்கள். அடுத்த சம்பள மாற்றம் வரும்போது அந்தக் கோப்பைப் பார்த்துக்கொள்ள விருப்பமா என்று கேளுங்கள். அவர் பதில் எழுதாமல் இருக்கலாம், அது அவருடைய உரிமை. எழுதினால், அன்றைக்கே பதில் போடுங்கள்.