பூஜ்ஜியம் போட்ட பேட்சை ஏன் ரிவெர்ட் செய்தேன்: கேள்வி பதில்

எங்கள் லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி), அசெம்பிளியில் (சிபியு கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழி) எழுதிய சில ஃபங்ஷன்களுக்கு சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் கிடைக்கவில்லை என்று பில்டில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. அவற்றுக்கெல்லாம் பூஜ்ஜியம் என்று வைத்து ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) போட்டிருந்தோம். போன வாரம் நான் அதை ரிவெர்ட் செய்து, அதாவது திரும்ப எடுத்துவிட்டேன். நம்ம மாவட்டத்து நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

தக்கலை மாணவி: அண்ணா, சிஆர்சி எதற்கு?

கர்னல் வெளியே கொடுக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும், அது என்னென்ன வாங்கும், என்ன திருப்பித் தரும், அதில் வரும் ஸ்ட்ரக்ட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் ஜென்கேசிம்ஸ் என்ற கருவி படித்து 32 பிட் எண் ஒன்று போடும். மாட்யூலை (டிரைவர் மாதிரி கர்னலில் தனியாக ஏற்றும் துண்டு) பில்ட் செய்யும்போது அதே எண் அதற்குள்ளும் பதிவாகும். ஏற்றும்போது இரண்டும் ஒத்துவராவிட்டால் கர்னல் மாட்யூலை உள்ளே விடாது. அவ்வளவுதான் மக்களே.

மார்த்தாண்டம் நண்பர்: எச்சரிக்கைதான் போய்விட்டதே, பூஜ்ஜியத்தில் என்ன தப்பு?

எச்சரிக்கை போனது, காரணம் போகவில்லை. ஜென்கேசிம்ஸுக்கு சி மொழி அறிவிப்புதான் புரியும். அசெம்பிளி கோப்பில் அது கிடையாது. 2016 டிசம்பரில் வந்த 4.9 கர்னலில் அசெம்பிளி கோப்பிலிருந்தே சிம்பலை (ஃபங்ஷனின் பெயரை) மாட்யூல்களுக்கு எக்ஸ்போர்ட் செய்ய வழி வந்தபோது இந்தச் சிக்கலும் கூடவே வந்தது.

பூஜ்ஜியம் வைத்தால் கர்னலிலும் பூஜ்ஜியம், மாட்யூலிலும் பூஜ்ஜியம். நாளைக்கே அந்த ஃபங்ஷனின் வடிவம் மாறினாலும் இரண்டும் 'சரி' என்றே சொல்லும். பழைய மாட்யூல் தவறான இடத்தில் எழுதி நினைவகத்தைக் கெடுக்கும். காவலுக்கு ஆள் வைத்துவிட்டு அவர் கண்ணைக் கட்டிய மாதிரி. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

ரிவெர்ட் மட்டும் செய்தால் எச்சரிக்கை திரும்ப வரும். அதனால் ஏஎஸ்எம்-புரோட்டோடைப்ஸ் ஹெட்டரில் (அறிவிப்புகளை வைக்கும் கோப்பு) அந்த ஃபங்ஷன்களின் சி அறிவிப்புகளையும் சேர்த்தேன். சரியான தீர்வு அதுதான்.

ஆரல்வாய்மொழி, காற்றாலைக் கண்காணிப்பில் இருப்பவர்: அண்ணாச்சி, அப்புறம் எங்கள் வெளி டிரைவர் ஏறவே மாட்டேன் என்கிறதே?

கர்னல் செய்திகளைக் காட்டும் டிஎம்எஸ்ஜியில் 'டிஸ்அக்ரீஸ் அபவுட் வெர்ஷன் ஆஃப் சிம்பல்' என்று வரும், பாருங்கள். உங்கள் டிரைவரில் பழைய பூஜ்ஜியம் இருக்கிறது, கர்னலில் இப்போது உண்மையான எண். டிரைவரை மறுபடி பில்ட் செய்ய வேண்டும். ஒன்று கவனம்: 'மேக் மாட்யூல்ஸ்_பிரிப்பேர்' கட்டளை மட்டும் போதாது, சிஆர்சி பட்டியலான மாட்யூல்.சிம்வெர்ஸ் கோப்பை அது உருவாக்காது. கர்னலை முழுதாக பில்ட் செய்துவிட்டு டிரைவருக்கு வாருங்கள். வற்புறுத்தி ஏற்றும் வழியைத் தொடவே வேண்டாம்.

குளச்சல் தம்பி: ரிவெர்ட் எதற்கு, கிட் ரீசெட் போட்டு அந்தப் பேட்சை வரலாற்றிலிருந்தே அழித்திருக்கலாமே?

மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்துவிட்ட வரலாற்றை அழிக்கக் கூடாது, தம்பி. ரிவெர்ட் என்பது எதிர்மாற்றம் செய்யும் புதிய கமிட் (மாற்றப் பதிவு). அதன் செய்தியில் ஏன் எடுக்கிறோம் என்று எழுது. 'திஸ் ரிவெர்ட்ஸ் கமிட்' என்று தானாக வரும் ஒற்றை வரியோடு விட்டுவிடாதே.

மறுபடியும் தக்கலை: சரியானதா என்று எப்படிப் பார்ப்பது?

மாட்யூல்.சிம்வெர்ஸைத் திற. ஒவ்வொரு வரியிலும் முதலில் இருப்பது சிஆர்சி, அடுத்தது சிம்பல் பெயர். எக்ஸ்86-64 சிபியுவில், நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷன் அசெம்பிளிதான், அந்த வரியைத் தேடு. 'பூஜ்ஜியம் எக்ஸ்' என்று தொடங்கும் அந்த எண்ணில் எக்ஸுக்குப் பின்னால் எட்டு இலக்கமும் பூஜ்ஜியமாக இருந்தால் ஹெட்டரில் அறிவிப்பு விடுபட்டிருக்கிறது.